இரண்டு பாடங்களில் ஒரே சொல்

ஒரு பெரும்போகத்தில், கதிர் பால்கட்டும் பருவத்தில், சாகாமத்து வட்டையில் எங்கள் வாடியில் யானைக்காவலுக்குக் கிடந்தேன். வாப்பா மௌத்தான பிறகு அந்த நாலு ஏக்கரை விற்றுவிடலாம் என்று வீட்டில் பலமுறை பேச்சு வந்தது. வாத்தியாருக்கு எதற்கு வயல் என்பது மனைவியின் கேள்வி. நியாயமான கேள்விதான். எனக்கு விற்க மனம் வரவில்லை. அடுத்த காணிக்காரர் என்னைவிட இருபது வயது மூத்தவர். வாப்பாவோடு சேர்ந்து அந்த மண்ணைக் கொத்தியவர். அன்றிரவு எனது வாடிக்கு வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். குளத்துப் பக்கமிருந்து கிளை முறியும் சத்தம் கேட்டது. டோர்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு,

“தம்பி, இதுகள்ட இனம் பெருகிப் பெய்த்து. குறைக்கத்தான் வேணும்” என்றார்.

“ஓம் காக்கா” என்றேன். நித்திரை வெறியில் சொன்ன ஓம். அதற்குமேல் அதில் ஒன்றுமில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

விடிந்ததும் குளித்து, மோட்டார் சைக்கிளில் பாடசாலைக்கு வந்துவிட்டேன். முதற்பாடம் தரம் 11. தனியன், குடித்தொகை, சாகியம், சூழற்றொகுதி என்று உயிர்க்கோளத்தின் ஒழுங்கமைப்பைப் படிப்பிக்க வேண்டிய நாள். கரும்பலகையில் எழுதினேன்: ஒரு குறித்த காலத்தில் ஒரு குறித்த இடத்தில் வாழும் ஒரே இனத்தைச் சேர்ந்த தனியன்களின் தொகுதி குடித்தொகை எனப்படும். எழுதி முடித்துத் திரும்பியபோது ‘இனம்’ என்ற சொல் முதுகில் தொட்டதுபோல் இருந்தது. சில மணி நேரத்துக்கு முன்னர்தான் அச்சொல்லை வேறொரு பாடமாகக் கேட்டிருந்தேன்.

எமது உயிரியற் பாடநூல்களுக்குக் கலைச்சொல் ஆக்கிய பெரியோர் என்ன நினைத்துச் செய்தார்களோ, உயிர்ப் பாகுபாட்டின் கடைசிப் படிகளுக்கு வருணம், குடும்பம், சாதி, இனம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஊரில் மனிதரைப் பிரிக்கப் பயன்படும் சொற்களில் முக்கால்வாசி அதற்குள் வந்துவிட்டது. அச்சொற்களின்படி யானையும் நாமும் ஒரே வகுப்பினர், முலையூட்டிகள். வருணத்தில் பிரிகிறோம். குரங்குகள் எமது வருணத்தார். இதைச் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ‘இனம்’ வந்தவுடன் சிரிப்பு நின்றுவிடும். இந்த நாட்டில் அச்சொல்லைக் கேட்டு வளர்ந்த எவருக்கும் அது உயிரியற் சொல்லாக முதலில் காதில் விழுவதில்லை.

ஏர்ன்ஸ்ட் மேயர் 1942இல் கொடுத்த வரைவிலக்கணத்தைத்தான் இன்றும் படிப்பிக்கிறோம். தம்முள் இயற்கையாகக் கலந்து, மேலும் சந்ததி பெருக்கக்கூடிய சந்ததியை உருவாக்கவல்ல குடித்தொகைகளின் கூட்டம் ஓர் இனம். அந்த வரைவிலக்கணத்தில் அரசியலுக்கு இடமில்லை. குடிசன மதிப்பீட்டுக்கு வருபவர் தமது படிவத்தில் எங்களைச் சோனகர் என்றும், திருக்கோவிலில் இருப்பவரைத் தமிழர் என்றும், அம்பாறையில் இருப்பவரைச் சிங்களவர் என்றும் பதிந்துகொண்டு போகிறார். எனது பாடத்தின்படி பார்த்தால் இந்நாட்டின் இரண்டு கோடிக்கு மேற்பட்ட சனங்களுக்கும் அந்நிரலில் ஒரே விடைதான். அந்த விடையை எழுதும் படிவம் எங்கும் அச்சிடப்படவில்லை.

அன்றைய பாடத்தில் பாடத்திட்டத்துக்கு வெளியே ஒரு கணக்குச் செய்தோம். டார்வின் 1859இல் வெளியிட்ட தமது நூலில், உயிர்கள் எவ்வளவு பெருகக்கூடும் என்று காட்ட முயலையோ எலியையோ மட்டும் நம்பியிருக்கவில்லை. மிக மெதுவாகப் பெருகும் பிராணி என்று தாம் கருதிய யானையையே உதாரணமாக எடுத்தார். முப்பது வயதில் ஈனத்தொடங்கித் தொண்ணூறு வயதுக்குள் மூன்று சோடிக் குட்டிகளை ஈன்றால், 500 ஆண்டுகளில் ஒரு சோடி யானையின் வழியில் ஒன்றரைக் கோடி யானைகள் உயிரோடிருக்கும் என்றார். கணக்குப் பிழை. வாசகர்கள் சஞ்சிகையில் எழுதிப் பிழையைச் சுட்டினார்கள். பிந்திய பதிப்புகளில் எடுகோள்களையும் சற்று மாற்றி, 740 முதல் 750 ஆண்டுகளில் ஏறத்தாழ ஒரு கோடியே தொண்ணூறு இலட்சம் என்று திருத்திக்கொண்டார். இவ்வளவு பெரிய மனிதர் கூட்டல் பெருக்கலில் பிழைவிட்டார் என்பதில் பிள்ளைகளுக்கு ஏற்பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

பிறகு சொன்னேன்: யானை 22 மாதம் சுமக்கிறது, ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடையே நாலைந்து வருடமாவது செல்லும், 2011இல் இலங்கை முழுவதும் எண்ணியபோது கிடைத்த தொகை 5,879. பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டாள்: “அப்ப மிச்ச யானையெல்லாம் எங்க சேர்?”

இருபது வருட ஆசிரியத் தொழிலில் இப்படியொரு கேள்வி எனக்கு எப்போதாவதுதான் கிடைத்திருக்கிறது. டார்வினை டார்வினாக்கிய கேள்வி அது. பிறக்கக்கூடியவை அத்தனையும் பிறந்து வாழ்வதில்லை. வரட்சி, நோய், பசி, புலி, மனிதன் என்று ஒவ்வொன்றும் கழித்துக்கொண்டே போகின்றன. கழிக்கப்படுபவையும் மிஞ்சுபவையும் எல்லா வகையிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. சிறு மாறல்கள் சிலவற்றுக்கு உதவுகின்றன. அவற்றைக் கொண்டவை அதிகச் சந்ததியை விட்டுச்செல்கின்றன. கூர்ப்பு என்று நாம் படிப்பிப்பதன் சாரம் இவ்வளவுதான்.

டார்வினுக்கு இந்த வழியைத் திறந்தது மனிதரைப் பற்றிய ஒரு நூல். ஆங்கிலேயப் பாதிரியார் மல்தஸ் 1798இல், உணவு பெருகும் வேகத்தைவிடச் சனங்கள் பெருகும் வேகம் அதிகம், பஞ்சமும் நோயும் அதைக் கட்டுப்படுத்தும் என்று எழுதினார். டார்வின் அதை 1838இல் வாசித்தார். இருபது வருடங்களின் பின் மொலுக்கஸ் தீவுகளில் குளிர்காய்ச்சலில் கிடந்த வொலஸ் என்ற மற்றொருவர் அதே நூலை நினைவுகூர்ந்து, அதே முடிவுக்குத் தனியாகவே வந்துசேர்ந்தார். வொலஸின் பறவைகளில் பெரும்பங்கைச் சேகரித்துக் கொடுத்தவர் சரவாக்கைச் சேர்ந்த அலி என்ற மலாய் முஸ்லிம் இளைஞர். அலி என்ற பெயர் எந்தப் பரீட்சை வினாத்தாளிலும் வருவதில்லை. இங்கே ஒருமுறை வரட்டும்.

“குரங்கிலிருந்து வந்தோம் என்று படிப்பிக்கிறீர்களாமே” என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. பள்ளிவாசல் முற்றத்திலும் கேட்டிருக்கிறார்கள். பஸராவில் ஒன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்-ஜாஹிழ், பிராணிகள் பற்றி எழுதிய ‘கிதாபுல் ஹயவான்’ என்ற பெரு நூலில் ஒன்றையொன்று தின்று வாழும் உயிர்களின் தொடரை விவரித்ததை அவர்களுக்குச் சொல்வேன். உயிர்களை உற்றுப் பார்ப்பதற்கு எமது முன்னோர் அஞ்சியதில்லை. அல்-ஜாஹிழ் டார்வினுக்கு முந்திய டார்வின் என்று பெருமை பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. அவர் அவராக இருந்தார், அதுவே போதும். இச்சஞ்சிகையின் வாசகர்களுக்கு இதை நான் விரித்துரைக்கத் தேவையில்லை. என்னை அலைக்கழிப்பது குரங்கு அல்ல. அந்தப் பிள்ளை கேட்ட ‘மிச்சம்’.

யானைகளில் ‘மிச்சம்’ என்று சொல்லலாம். மனிதரில் மிச்சம் எவர்?

எமது நாட்டிலேயே இதற்கொரு கதை உண்டு. உலகெங்கும் குடித்தொகை பற்றிப் படிப்பிக்கும் இடங்களில் இக்கதை அறியப்பட்டது. எமது ஊர்களில்தான் சொல்லப்படுவதில்லை. 1934, 35இல் வந்த மலேரியாக் கொள்ளைநோயில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். உலர் வலயம் முழுதும் காய்ச்சலின் இராச்சியம். 1946இல் வீடுகளுக்குள் டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கினார்கள். அந்த ஆண்டில் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த இறப்பு வீதம் அடுத்த ஆண்டில் 14 ஆக இறங்கியது. ஒரே வருடத்தில் இப்படி இறங்கிய நாடுகள் உலகில் அரிது. டி.டி.ரி. தனியே செய்த வேலை அல்ல அது. கிராமத்து மருத்துவிச்சியும், இலவச வைத்தியமும், கூப்பன் அரிசியும் அதில் பங்காளிகள். நுளம்புக்கு அஞ்சிச் சனங்கள் ஒதுங்கியிருந்த காடுகளுக்குள் கல்லோயாத் திட்டம் வந்தது, குடியேற்றங்கள் வந்தன, வட்டைகள் விரிந்தன. இந்த மாவட்டத்தின் இன்றைய முகம் அந்த இறப்பு வீதத்தின் வீழ்ச்சியில் வரையப்பட்டது என்றுகூடச் சொல்லலாம்.

இதே வீழ்ச்சியைப் போல் எர்லிக் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1968இல் வெளியிட்ட தமது ‘சனத்தொகைக் குண்டு’ என்னும் நூலில் எச்சரிக்கைக்கான உதாரணமாக எடுத்துக்காட்டினார். பிறப்பைக் குறைக்காமல் இறப்பை மட்டும் குறைத்துவிட்டார்கள், இனிப் பஞ்சம்தான் என்பது அவரது வாதம். 1970களில் கோடிக்கணக்கானோர் பட்டினியால் சாவார்கள் என்று அவர் சொன்னது அவர் சொன்ன அளவில் நடக்கவில்லை. நான் அந்த வாதத்தை ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில் அட்டாளைச்சேனையில்தான் முதன்முதல் அறிந்தேன். நல்ல வாதமாகத்தான் பட்டது, குறிப்பெடுத்தும் வைத்தேன். வீட்டுக்கு வந்து மூத்தம்மாவோடு பேசிக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. மூத்தம்மா ஒன்பது பிள்ளை பெற்றவர். நாலைக் காய்ச்சலுக்குக் கொடுத்தவர். கொடுத்த நாலும் 1946க்கு முந்தியவை. என் வாப்பா பிறந்தது 1948இல். அவருக்கும் அவருக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகளுக்கும் காய்ச்சல் வந்தது, போனது; அவர்கள் இருந்தார்கள். எர்லிக்கின் அட்டவணையில் கூடுதலாக வந்து விழுந்த எண்ணிக்கைக்குள் என் வாப்பா இருக்கிறார். அந்த மிச்சத்தின் மிச்சம் நான்.

கணக்கு பிழை என்று நான் சொல்லவரவில்லை. ஒரு நிலம் தாங்கக்கூடியதற்கு ஓர் அளவு உண்டு. அதைத் தாங்கு திறன் என்று நாம் படிப்பிப்பது பொய்யல்ல. எனினும் அக்கணக்கைப் போடுபவர் எப்போதும் தம்மைக் கணக்குக்கு வெளியே வைத்துக்கொண்டே எண்ணத் தொடங்குகிறார். மல்தஸ் தம்மை மிகையாகக் கருதியதில்லை. எர்லிக்கும் கருதியதில்லை. வாடியில் இருந்த காக்காவும் கருதவில்லை, தலையாட்டிய நானும் கருதவில்லை. எண்ணிக்கை கூடிவிட்டது என்ற வசனத்தில் எழுவாய் எப்போதும் மற்றவர்.

மனிதரின் பெருக்கத்தைக் குறைத்தது பஞ்சமுமல்ல, கட்டாயமுமல்ல. மூத்தம்மாவுக்கு ஒன்பது, உம்மாவுக்கு ஆறு, எங்களுக்கு மூன்று. எங்கள் வீட்டில் எவரும் எவரையும் வற்புறுத்தவில்லை. பெண்பிள்ளைகள் படித்தார்கள், பிந்திக் கலியாணம் முடித்தார்கள், பெற்ற பிள்ளை தக்கும் என்ற நம்பிக்கை தாய்மாருக்கு வந்தது. 1950களில் ஒரு தாய்க்கு ஐந்துக்கு மேல் என்றிருந்த இந்நாட்டின் சராசரி, நூற்றாண்டு முடியும்போது இரண்டுக்கு அண்மையில் வந்துவிட்டது. பிள்ளைகள் சாகாமல் இருந்ததுதான் பிள்ளைகள் குறையக் காரணங்களுள் ஒன்று. மல்தஸின் தலைகீழ்.

நுளம்பின் கதை இன்னும் முடியவில்லை. 1963இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர் மட்டுமே. வெற்றி என்றார்கள், தெளிப்பு நின்றது. ஆறு வற்றி, மணலில் குட்டைகள் தேங்கும் காலத்தில் பெருகும் அந்த நுளம்பு அங்கேயேதான் இருந்தது. 1969 ஆகும்போது நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடியும் டி.டி.ரி. தெளித்தார்கள். இம்முறை நுளம்பு முன்போல் சாகவில்லை. மருந்து நுளம்பை மாற்றியது என்று பிள்ளைகள் விடை எழுதுவார்கள். அதற்குப் புள்ளி கொடுக்கமாட்டேன். மருந்து எதையும் மாற்றவில்லை. அதைத் தாங்கும் பரம்பரையலகு சில நுளம்புகளில் ஏலவே இருந்தது. மற்றவை செத்து இடம்விட்டன, இவை பெருகின. இயற்கைத் தேர்வைப் பார்க்கக் கலாபகோஸ் தீவுகளுக்குக் கப்பலேறத் தேவையில்லை. எங்கள் மூத்தம்மா வீட்டுச் சுவரில் அது நடந்தது. 1977இல் மலத்தியனுக்கு மாறினார்கள். இன்னும் பல வருடப் பாடு. 2012உடன் உள்நாட்டுத் தொற்று நின்றது, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இரண்டாம் முறை வென்றது மருந்து மட்டுமல்ல. ஒவ்வொரு நோயாளியையும் தேடிப்போய், இரத்தம் எடுத்துப் பார்த்து, பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொருவராக.

இதைப் படிப்பித்த நாளில் ஒரு பையன் கேட்டான்: “அப்ப வெடிக்குப் பயப்படாத யானைதான் கடைசியில் மிஞ்சுமா சேர்?” அவனுடைய வாப்பாவும் வட்டைக்காரர். மொசாம்பிக்கின் கதையைச் சொன்னேன். அங்கே 1977 முதல் 1992 வரை உள்நாட்டு யுத்தம். கொரொங்கோசா என்ற காட்டில் தந்தத்துக்காகப் பத்தில் ஒன்பது யானைகளைக் கொன்றார்கள். பிறப்பிலேயே தந்தமில்லாத பெண்யானைகள் தப்பின. யுத்தத்துக்குப் பிறகு தந்தமில்லாத பெண்யானைகளின் வீதம் பெருமளவு கூடியிருந்தது என்பதையும் அதன் பரம்பரைக் காரணத்தையும் 2021இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். தேர்வு செய்வது எப்போதும் இயற்கைதான் என்றில்லை, துவக்கு வைத்திருப்பவனும் செய்கிறான். ஆனால் வெடிக்குப் பழகுவது வேறு விடயம். அது ஒரு யானை தன் வாழ்நாளில் கற்றுக்கொள்வது, மற்றதற்குக் காட்டிக்கொடுப்பது. பிறப்பில் வராது. இரண்டையும் குழப்பக்கூடாது என்றேன். “என்னெண்டாலும் பயப்படாது தானே சேர்” என்றான். அதற்கு மறுமொழி இல்லை.

இனி 2018க்கு வரவேண்டும். பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் முஸ்லிம் ஒருவரின் உணவகத்தில் சாப்பாட்டுக்குள் ஏதோ கட்டியாகக் கிடந்தது. மலடாக்கும் மாத்திரையைக் கலக்கிறார்கள் என்று கூட்டம் கூடியது. கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. ஒரு வாரத்துக்குள் கண்டிப் பக்கம் திகனையில் பற்றி எரிந்தது. அந்தக் கட்டி வெறும் மாவு என்று அரச பகுப்பாய்வு பின்னர் சொன்னது. அடுத்த நாட்களில் பாடசாலையில் பிள்ளைகள் கேட்டார்கள்: “அப்பிடி மாத்திரை ஒண்டு இருக்கா சேர்?” சாப்பாட்டில் ஒரு தரம் போட்டு ஒருவரை நிரந்தரமாக மலடாக்கும் மாத்திரை மருத்துவத்தில் இல்லை என்று விளங்கப்படுத்தினேன். ஓமோன் என்றால் என்ன, அது எவ்வளவு நேரம் உடலில் நிற்கும் என்றெல்லாம் சொன்னேன். பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். மாத்திரை பற்றிய பயம் அவர்களுடையதல்ல. அவர்கள் பயந்தது அதை நம்பிய கூட்டத்துக்கு.

அந்தக் கூட்டத்துக்கு மருந்தியல் தெரியாது, ஆனால் குடித்தொகைக் கணக்கு ஒன்று தெரிந்திருந்தது. அவர்கள் பெருகுகிறார்கள், நாங்கள் குறைகிறோம். உயிரியலில் ‘இனம்’ என்று சொல்லமுடியாத ஒன்றை இனம் என்று வைத்துக்கொண்டு, அதற்குத் தாங்கு திறன் கணக்கும் போட்டுவிட்டார்கள். இதைப் பற்றி நாம் கோபத்தோடு எழுதியிருக்கிறோம், எழுதத்தான் வேண்டும். ஆனால் கலியாண வீட்டுப் பந்தலில், ‘நாம பெருகினாப் போதும், மற்றதெல்லாம் தானா வரும்’ என்று எம்மவர் சொல்லக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன். அதே கணக்குத்தான். கூட்டலுக்குப் பதில் கழித்தல்.

சாகாமத்து வாடியில் கேட்ட வசனம் என்னை ஏன் தொட்டது என்பது இப்போது வாசகருக்கு விளங்கியிருக்கும். ‘இதுகள்ட இனம் பெருகிப் பெய்த்து, குறைக்கத்தான் வேணும்.’ இதுகள் என்ற இடத்தில் யாரை வைத்தாலும் வசனம் உடைவதில்லை.

யானையும் மனிதனும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றல்ல. 2019ஆம் ஆண்டில் மட்டும் இந்நாட்டில் 405 யானைகளும் 121 மனிதர்களும் இந்த மோதலில் இறந்தார்கள். அந்த 121 வீடுகளில் ஒன்றின் வாசலில் போய் நின்று மேயரின் வரைவிலக்கணம் பேசமுடியாது. விதைத்த நெல்லுக்குக் கடன், உரத்துக்குக் கடன், ஓர் இரவில் எல்லாம் சப்பல். காக்கா சொன்னதில் பயமும் கடனும் இருந்தன, கொடுமை இருக்கவில்லை.

ஆனால் ‘பெருகிவிட்டன’ என்பது உண்மையா என்று பார்க்கத்தான் வேண்டும். வருடத்துக்கு நானூறு யானை சாகும் ஒரு தீவில், ஐந்தாறு வருடத்துக்கு ஒரு குட்டி ஈனும் பிராணி பெருகிப் போனதாகச் சொல்வதற்கு நிறையத் துணிவு வேண்டும். கண்ணுக்கு அதிகமாகத் தெரிவது வேறு காரணத்தால். பிருதிவிராஜ் பெர்னாண்டோ குழுவினரின் ஆய்வின்படி இத்தீவின் ஏறத்தாழ 60 வீத நிலத்தில் யானை நடமாடுகிறது. அந்நிலத்தில் ஏறத்தாழ 70 வீதத்தில் மனிதரும் குடியிருக்கிறார்கள். யானை அடர்காட்டுப் பிராணி என்பது பாதி உண்மை. சேனை வெட்டிவிட்ட நிலத்தில் முளைக்கும் பற்றையும், கோடையில் வற்றும் குளத்தின் அடியில் முளைக்கும் புல்லும்தான் அதற்கு விருப்பமான உணவு. லாகுகலைக் குளத்தில் ‘பெரு’ என்ற புல்லுக்காகக் கூட்டமாக வருவதைப் பொத்துவில் பக்கம் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். யுத்த காலத்தில் எங்கள் வயலும் சில போகங்கள் விதைபடாமல் கிடந்தது. பற்றை மூடியது. மனிதரைத் துரத்திய பயம் யானைக்குப் பசும்புல்லாயிற்று. சமாதானம் வந்து நாங்கள் திரும்பிப் போனபோது அவை அங்கே வளர்ந்திருந்தன. யார் யாருடைய நிலத்துக்குள் வந்தது என்று அந்த யானைகளைக் கேட்டால் அவற்றின் பதில் எங்கள் உறுதியில் உள்ளது போல் இருக்காது. பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கும் சேர்த்துத் தின்று யானைகள் செத்த செய்தி 2022இல் உலகப் பத்திரிகைகளில் வந்தது. அதைப் பற்றி எழுதினால் கட்டுரை திசைமாறிவிடும்.

பத்தாம் நூற்றாண்டில் பஸராவில் ‘இக்வானுஸ் ஸபா’ என்ற பெயரில் எழுதிய அறிஞர் குழுவினரின் ரிஸாலாக்களுள் ஒன்று, விலங்குகள் மனிதர்மீது வழக்குத் தொடுப்பதாக அமைந்தது. நீதிபதி ஜின்களின் அரசன். விலங்குகள் எங்கள் அடிமைகள் என்கிறார்கள் மனிதர். எந்த ஆதாரத்தில் என்று விலங்குகள் கேட்கின்றன. அழகு, அறிவு, நகரங்கள், கலைகள் என்று மனிதர் ஒவ்வொன்றாக எடுத்துவைக்க, ஒவ்வொன்றையும் விலங்குகள் முறியடித்துவிடுகின்றன. கடைசியில் மனிதரிடம் மிஞ்சுவது ஒரே வாதம்: மரணத்துக்குப் பிறகு எங்களுக்கு எழுப்புதல் உண்டு. நரகமும் உங்களுக்குத்தானே என்று விலங்குகள் திருப்பிக் கேட்கின்றன. எதுவானாலும் நாங்கள் நிலைத்திருப்போம் என்கிறார்கள் மனிதர். வழக்கு அவர்கள் பக்கம் தீர்கிறது. இத்தீர்ப்பு எனக்கு முதலில் ஏமாற்றமாக இருந்தது, விலங்குகளின் வாதமே பலமாகப் பட்டது. இப்போது வேறு விதமாக வாசிக்கிறேன். அந்த மன்றில் மனிதன் வென்றது எண்ணிக்கையாலோ பலத்தாலோ அல்ல. தான் விசாரிக்கப்படப்போகிறவன் என்று ஒப்புக்கொண்டதால். அப்படியொரு வெற்றியைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போகமுடியாது.

நான் போகவில்லை. அந்த இரவில் ‘ஓம் காக்கா’ என்றதோடு விடயம் முடியவும் இல்லை. அடுத்த வாரம் காக்கா வந்து ஆளுக்கு ஆயிரம் ரூபா கேட்டார். பன்றித் தொல்லைக்கு ‘ஹக்கபட்டாஸ்’ வைக்கப்போகிறோம் என்றார். தீனிக்குள் வைத்துக் கட்டும் வாய்வெடி அது, கடித்தால் வாய்க்குள் வெடிக்கும். சட்டத்துக்கு மாறானது என்று எனக்குத் தெரியும். பன்றிக்குத்தானே என்று கொடுத்தேன். பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் வாயால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பன்றிக்கு வைத்ததை எது தின்னும் என்பது சூழலியல் படித்தவனுக்குத் தெரியாததல்ல.

பதினைந்து நாள் சென்று குளத்து நீருக்குள் ஒரு யானைக்குட்டி நின்றது. நாலைந்து வயது இருக்கும். தாய் கொஞ்சம் தள்ளி நின்றது. குட்டி தும்பிக்கையால் புல்லைப் பிடுங்கும், வாய்க்குக் கொண்டுபோகும், பிறகு நீரில் விட்டுவிடும். மறுபடி பிடுங்கும். கட்டில் நின்று பார்த்தவர்களுள் காக்காவும் இருந்தார். எங்களுடைய வெடியா, வேறு யாருடையதா என்று தெரியாது. அந்தப் பக்கத்தில் வைப்பவர்கள் நாங்கள் மட்டுமல்ல. மிருக வைத்தியர்கள் வந்து மயக்கிப் பார்த்தார்கள். நாக்கும் தாடையும் போயிருந்தன. பசியால்தான் சாகும், அதற்கு நாட்கள் எடுக்கும் என்றார்கள். எட்டாம் நாள் விழுந்தது. அந்த வருடக் கணக்கில் அது ஒன்று.

வகுப்பில் இதைச் சொல்ல வேண்டுமா என்று பல நாள் யோசித்தேன். சொன்னேன், பணம் கொடுத்ததையும் சேர்த்து. மிச்ச யானை எங்கே என்று கேட்ட பிள்ளை தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். வெடிக்குப் பயப்படாத யானை பற்றிக் கேட்ட பையன், “எங்கட வாப்பாவும் வைக்கிறவரு சேர்” என்றான். மணி அடித்துவிட்டது.

இந்தப் போகத்துக்கு வட்டையில் பதினொரு காணிக்காரர் சேர்ந்து மின்வேலி போடுகிறோம். காட்டின் எல்லையில் அல்ல, வயலைச் சுற்றி மட்டும். விதைக்கும்போது கட்டி, அறுவடை முடிந்ததும் கம்பியைக் கழற்றிவிட வேண்டும். தாளடியை யானை வந்து தின்றுவிட்டுப் போகும். வேறு மாவட்டங்களில் பல கிராமங்களில் இப்படிச் செய்கிறார்கள். ஏக்கருக்கு எவ்வளவு கம்பி, எத்தனை கட்டை, இரவில் யார் சுற்றிப் பார்ப்பது என்று என் வீட்டு விறாந்தையில் கணக்குப் பார்த்தோம். கம்பியைக் கழற்றுவது என்ற இடத்தில் காக்கா நிறுத்தினார்.

“காசு குடுத்துக் கட்டுற வேலிய நாமளே கழட்டி அதுகளக் கூப்பிடுறதா தம்பி?”

“தாளடிதானே காக்கா. நமக்கு வேணாமே.”

“மாட்டுக்கு?”

மாட்டை நான் கணக்கில் சேர்த்திருக்கவில்லை. காகிதத்தைத் திருப்பி முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.